வேலிக்கு அந்தப் பக்கத்துப் பாத்தி

பரீனாவின் வாய்க்குப் பயந்துதான் பள்ளிக்காணித் தோட்டத்தில் களை முளைப்பதில்லை என்று கிண்ணியாவில் அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்த அதே பெண்கள், அவள் தோட்டத்துக்கு வரும் ஒழுங்கையில் திரும்பினாள் என்றால் குனிந்து ஒரு புல்லையாவது பிடுங்குவார்கள். ஐம்பத்தொரு வயது, மெலிந்த உடம்பு, வெற்றிலை போடாத வாய். அந்த வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வாங்குவதென்றால் ஒரு போகம் முழுக்க உழைக்க வேண்டும்.

தோட்டம் பள்ளிவாசலுக்குச் சொந்தமான முக்கால் ஏக்கர் மணற்காணி. மாதர் சங்கம் அதைக் கேட்டு வாங்கியபோது எருக்கலைப் பற்றையும் உடைந்த போத்தல்களும்தான் அங்கே கிடந்தன. முன்னின்று துப்புரவாக்கியவள் பரீனா. அவள் பிறந்தது மூதூரில். சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து, ஒரு பாடசாலைக் கட்டடத்தில் மாதக்கணக்கில் இருந்து, வரிசையில் நின்று பருப்பு வாங்கித் தின்றவள். ஒரு பிடி கீரைக்கு இன்னொருவர் கையைப் பார்க்கக்கூடாது என்ற வைராக்கியம் அந்த வரிசையில்தான் அவளுக்குள் ஊறியிருக்க வேண்டும். ஊறியபோது கொஞ்சம் இரக்கத்தையும் வெளியே தள்ளிவிட்டதோ என்னவோ.

பதினான்கு குடும்பங்களுக்கு ஆளுக்கொரு கொச்சிக்காய்ப் பாத்தி; மிளகாய்க்கு அங்கே அதுதான் பெயர். கத்தரியும் வெண்டியும் பயிற்றையும் பொதுவில். மாரி மழை ஓய்ந்து, வெயில் முகம் காட்டத் தொடங்கும் தை மாதக் கடைசியில் தோட்டத்தைத் திருத்துவார்கள். மண் கொத்தி, மாட்டெரு போட்டு, கிணறு இறைத்து, நாற்றுமேடையில் வளர்ந்து நிற்கும் கன்றுகளைப் பாத்திக்கு மாற்றுவார்கள். அந்தக் கன்றுகள்தான் வெயில் காலம் முழுவதும் வீடுகளுக்குக் கறி.

இந்தத் தோட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டவளும் பரீனாதான். பழைய கொச்சிக்காய்ச் செடிகளெல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கி எரிக்கப்பட்ட பிறகுதான் முதல் நாற்று மேடையை விட்டு எழும்ப வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் யாரோ ஒருத்தி நாலு பழைய செடிகளை விட்டுவைக்க, அதிலிருந்து இலை சுருளும் நோய் தாவி, பதினான்கு பாத்தியும் ஒரே மாதத்தில் முடங்கிப்போயின. பழைய செடியில் தங்கியிருக்கும் வெள்ளை ஈதான் நோயைக் கொண்டுபோகிறது என்று விவசாயப் போதனாசிரியர் வந்து விளக்கினார். அவர் சைக்கிளில் ஏறுமுன்னே சட்டம் பிறந்துவிட்டது.

அடுத்த வருடமே அது ஆமினா உம்மாவைச் சுட்டது. ஆமினா உம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அவருடைய செடிகள் அந்த மாரியில் பூவும் பிஞ்சுமாக நின்றன. “ரெண்டு கிழம தா, பரீனா. காயிற மரத்தப் புடுங்க மனம் வருகுதில்ல,” என்று கேட்டார். மறுநாள் விடியுமுன் பரீனா சுபஹுத் தொழுதுவிட்டு நேரே போய், தன் கையாலேயே அத்தனையையும் பிடுங்கிக் குவித்துவிட்டு வந்தாள். வெளிச்சம் வந்து ஆமினா உம்மா போனபோது பிஞ்சுகள் குவியலுக்குள் வாடிக் கிடந்தன. அவர் சண்டை பிடிக்கவில்லை. பரீனாவோடு கதைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். இரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்று வேலை செய்தும் ஒரு வார்த்தை இல்லை.

பரீனாவின் கணவர் ஜமால்தீன் அவளுக்கு நேரெதிர். கொட்டியாரக் குடாவில் சின்னத் தோணியில் போய் வலை போடுகிறவர். கரைக்கு வந்தால் மனைவியின் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றும்போது செடிகளோடு ஏதாவது கதைத்துக்கொண்டு நிற்பார். ‘மீனோட கதைச்சிருந்தா இன்னும் நாலு கிலோ பட்டிருக்கும்’ என்று பரீனா பொரிவாள். அவர் சிரிப்பார். போன ஒகஸ்ட்டில், மாரிப் போகத்துக்கு, அந்தப் பாத்தியை அவர்தான் நட்டார். ஒக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வலை தைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன வாகனம் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அசர்த் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

பரீனா இத்தாவில் இருந்தாள். கணவர் இறந்த பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும். வெள்ளைச் சேலை, வெளியே போக்குவரத்து இல்லை. வீட்டின் பின்வேலியை ஒட்டித்தான் தோட்டம், அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம் முதலில் இருப்பது அவளுடைய பாத்தி. மையத்தை அடக்கிய மறுநாளே உறவுக்காரர் வந்து வேலிக்குப் புதுத் தென்னங்கிடுகு கட்டி அடைத்துவிட்டார்கள். ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை. புல்மோட்டையில் கட்டிக்கொடுத்த மகள் நாற்பது நாள் வந்து கூட நின்றுவிட்டு, சின்னப் பிள்ளைகளோடு திரும்பிப் போனாள். அதன் பிறகு பரீனாவுக்குத் துணை அந்த வேலிதான். மண்வெட்டிச் சத்தமும் வாளிச் சத்தமும் பெண்களின் சிரிப்பும் அதன் வழியாகவே வந்தன.

ஜமால்தீன் நட்ட செடிகள் அவர் போன பிறகுதான் காய்த்தன. பெண்கள் ஆய்ந்து சுளகில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பரீனா அந்தக் காய்களைக் கறிக்குப் போடவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. குசினிப் பலகையில் காயவைத்து ஒரு போத்தலில் அடைத்து வைத்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

தை மாதக் கடைசியில் ஆமினா உம்மாவின் மகள் ரிஸ்லா வந்தாள். பரீனா இத்தாவில் இருப்பதால் தோட்டத்துப் பொறுப்பு அவளிடம் இருந்தது. முப்பது வயது, பரீனாவை அக்கா முறையில் ‘ராத்தா’ என்று கூப்பிட்டு, அவளுடைய ஏச்சில் வளர்ந்த பிள்ளை.

“ராத்தா, எல்லாப் பாத்தியும் கொத்தியாச்சி. பழைய செடியெல்லாம் புடுங்கி எரிச்சாச்சி.”

“எல்லாமா?”

ரிஸ்லா சேலைத் தலைப்பைத் திருகினாள். “உங்கட பாத்திய மட்டும் தொடல்ல. ஜமால்தீன் நானா போட்ட செடியெல்லோ. நீங்க இத்தா முடிச்சி வந்து பாத்த பிறகு செய்வம் எண்டு எல்லாரும் சொல்லிட்டாங்க. இன்னும் இருபத்திரெண்டு நாள்தானே.”

முதலில் பரீனாவுக்கு வந்தது சந்தோசம். மறைக்க என்ன இருக்கிறது, நெஞ்சு குளிர்ந்தே போயிற்று. அவர் தண்ணீர் ஊற்றிய செடிகளை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கலாம். அவை காய்த்து அவள் பார்த்ததில்லை. எவ்வளவு உயரம் வந்தன, எந்தப் பக்கம் சாய்ந்தன, ஒன்றும் தெரியாது. “சரி,” என்றாள். ரிஸ்லா நிம்மதியாகப் போனாள்.

அந்த ஒரு சொல் மூன்று நாள் அவளைத் தின்றது. நாற்று இருபத்திரண்டு நாள் காத்திருக்காது, முற்றிப்போகும் என்று தோட்டத்தில் இறங்காத குழந்தைக்கும் தெரியும். பெண்கள் இரக்கப்பட்டார்கள். அவள் அந்த இரக்கத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். ஆமினா உம்மா கேட்டது பதினாலு நாள்தான் என்பது தொழுகைப் பாயில் இருக்கும்போதும் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் இரக்கத்தில்தான் சட்டத்தை வளைத்தார்கள். தனக்கென்றால் அது வளையலாம் என்று நினைத்தது அவள்தான். அது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நாலாம் நாளும் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை ரிஸ்லா கையில் ஒரு நாற்றோடு வந்தாள். அதைப் பரீனாவிடம் நீட்டினாள். விரல் நீளக் கன்று. நுனி இலை இரண்டும் உள்ளுக்குச் சுருண்டிருந்தன.

“மேடையிலயா?”

“ஓம், ராத்தா. உங்கட பாத்திப் பக்கத்து ஓரத்தில. ஒம்பது கண்டு இப்பிடி. புடுங்கிட்டம். மத்ததெல்லாம் நல்லாத்தான் இரிக்கி.”

“இண்டைக்கே என்ட பாத்தியப் புடுங்குங்க.”

“ராத்தா...”

“இண்டைக்கே எண்டு சொன்னன்.”

ரிஸ்லா போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது, அடங்கியது. பிடுங்கும் சத்தம் மட்டும் வரவில்லை. யாருக்கும் கை வரவில்லை என்பது பரீனாவுக்கு விளங்கியது. இறந்துபோன மனிதர் நட்ட செடியில் யார் முதலில் கை வைப்பது? நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை பாத்தி அப்படியே நின்றது.

தொழுது முடித்து எழும்பியபோது முன்வாசலில் ஆமினா உம்மா நின்றார். ஜனாஸா அடக்கிய அன்று வந்து ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு இன்றுதான்.

“நான் புடுங்கட்டா, பரீனா?”

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. கேட்கிறாரே, கேட்டுவிட்டுச் செய்யப் போகிறாரே என்று பரீனாவுக்கு உறைத்தது.

“நீங்கதான் புடுங்கோணும், மாமி. அண்டைக்கு நான் உங்களுக்கிட்டக் கேக்கல்ல.”

“ஓம். கேக்கல்ல.”

“சட்டம் பிழையில்ல, மாமி. ஆனா களவா வந்து புடுங்கினது பிழ. மாப்புத் தாங்க.”

ஆமினா உம்மா வாசல் நிலையில் கை வைத்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சேலைக்குள் அவள் பாதியாகப் போயிருந்தாள். “குடிக்கத் தண்ணி தா,” என்றார். பரீனா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். நின்றபடியே முழுதும் குடித்து, குவளையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

பரீனா பின்பக்கம் போய், வேலியோடு ஒட்டி மணலில் குந்தினாள். முதல் செடி வரும்போது வேர் அறுபடும் சத்தம் நன்றாகக் கேட்டது. மழை குடித்த மணல்தான், ஆனாலும் ஐந்தாறு மாதச் செடிக்கு வேர் இறங்கியிருந்தது. ஆமினா உம்மா ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், ‘பிஸ்மி’ சொல்லிச் சொல்லிப் பிடுங்கினார். பிடுங்கியதை உதறி உரப்பைக்குள் போட்டார். வேறு யாரும் பக்கத்தில் வரவில்லை போலும், ஒரு பேச்சுச் சத்தமும் இல்லை. பரீனா எண்ணினாள். எண்ணக்கூடாது என்றுதான் இருந்தாள், முடியவில்லை. பத்தாவதில் கண் கலங்கியது. இருபதாவதில் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பாத்திக்கு நாற்பது கன்று என்பது கணக்கு. நாற்பதாவது சத்தம் வந்தது. பையைக் கட்டும் சத்தமும் வந்தது.

“முடிஞ்சிது, ராத்தா!” என்று ரிஸ்லா அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

முடியவில்லை என்று பரீனாவுக்குத் தெரியும். போன ஒகஸ்ட்டில் நட்டு முடித்த பிறகு ஜமால்தீனின் கையில் ஒரு கன்று மிஞ்சியிருந்தது. வீச மனமில்லாமல் வேலி மூலையில் அதையும் குத்திவிட்டார். ‘நாப்பது எண்டா நாப்பது, உங்களுக்கொரு சட்டமா?’ என்று அவள் போட்ட சத்தத்தில் அயல் முழுக்க எட்டிப் பார்த்தது. ‘ஒண்டுதானே, கிடந்திட்டுப் போகட்டும்’ என்றார் அவர். நாற்பத்தொன்றாவது செடி அவள் குந்தியிருந்த இடத்துக்கு நேரே, கிடுகுக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றது. ஆமினா உம்மா அதைக் காணாமல் விடவில்லை. கண்டுதான் விட்டிருக்கிறார்.

பரீனா வாயைத் திறக்காவிட்டால் போதும். இருபது நாளுக்குள் வேலியைத் தாண்டிப் போய் அதைத் தொட்டுப் பார்க்கலாம். அவர் கடைசியாக நட்ட கன்று. ஒரே ஒரு செடி. அவளுக்கு அது வேண்டும் போலிருந்தது, நெஞ்சு நோக நோக வேண்டும் போலிருந்தது.

“மாமி,” என்றாள். “மூலையில இன்னுமொண்டு இரிக்கி.”

ஆமினா உம்மா வேலிக்குக் கிட்ட வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “அதில சுருட்டல் இல்ல, மகள். நான் நல்லாப் பாத்திட்டன். கிடக்கட்டும்,” என்றார்.

“இண்டைக்கு இல்ல. நாளைக்கு வரும். புடுங்குங்க, மாமி.”

கிடுகு அசைந்தது. ஆமினா உம்மா மறுபக்கம் குந்தியிருக்க வேண்டும், அவருடைய மூச்சு கேட்டது. அந்தச் செடி இலேசில் வரவில்லை. அதன் வேர் வேலிக்கு அடியால் இந்தப் பக்கம் ஓடியிருந்தது. பரீனாவின் காலடியில் மணல் கொஞ்சம் எழும்பியது, பிறகு உள்ளுக்குப் போனது.

அவள் சத்தம் போட்டே அழுதாள். இத்தா தொடங்கிய நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று அடக்கியதெல்லாம் வந்தது. அந்தப் பக்கம் ஒருவரும் அவளைத் தேற்ற முயலவில்லை. அவள் அழுது முடியுமட்டும் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் ரிஸ்லாவைக் கூப்பிட்டாள்.

“நாளைக்கு வெயில் தாழ நாத்து நடுங்க. என்ட பாத்தியிலயும் நடுங்க.”

“எத்தின, ராத்தா?”

“நாப்பது,” என்றாள் பரீனா. “நாப்பதுதான்.”