அடையாறு மாணவர் பட விழா: கைதட்டலுக்கு எதிரே நின்ற மதியம்

மாணவர் திரைப்பட விழாவுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது என்று இரண்டு பெண்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள். நானும் முதல்முறை தனியாகத்தான் போனேன். 1996, பி.எஸ்ஸி. முடித்த வருடம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். “படிப்புதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் இன்னா காலேஜு?” என்றாள் அம்மா. சுவரொட்டியில் ‘அனைவரும் வருக’ என்று போட்டிருந்தது. அந்த அனைவரில் நானும் உண்டு என்று கிளம்பிவிட்டேன்.

நந்தனத்திலிருந்து அடையாறுக்குப் பேருந்தில் அப்போது இரண்டு ரூபாய். அங்கிருந்து கல்லூரி வரை ஆட்டோ பத்து ரூபாய் (நடக்கலாம், வெயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள்). ஓட்டுநர் கேட்டார்: “யாரும்மா ஹீரோ?”

“பசங்க எடுத்த படம்ணே. ஹீரோ கிடையாது.”

“ஹீரோ இல்லாத படத்துக்கா இம்மாந்தூரம் வந்துக்கினு கீற?”

நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய். வீடியோ கேசட்டைப் போட்டு வெள்ளைத் திரையில் காட்டினார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. படம் சலித்தால் பின்வரிசைப் பையன்கள் ஒரே தாளத்தில் கைதட்டுவார்கள். அரங்கம் சேர்ந்துகொண்டால் கேசட்டை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டுவிடுவார்கள். என் கண் முன்னாலேயே இரண்டு படங்கள் அப்படிப் பாதியில் போயின.

மூன்றாவது படத்தை எடுத்தவள் என் வயதுப் பெண். மேடையில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். திரையில் தி.நகரின் ஒரு பின்தெரு. பெண்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். கேமரா நகரவே இல்லை. ஒருத்தி மகளுக்குத் தலை பின்னுகிறாள். இன்னொருத்தி தன் குடத்தை யாரும் பார்க்காதபோது முன்னால் தள்ளி வைக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் கைதட்டல் தொடங்கியது.

விழா நடத்திய மாணவர் கேசட் ஓடிக்கொண்டிருந்த பெட்டி பக்கம் போனார். அந்தப் பெண் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை பொத்தானைத் தொட்டால் அவள் படம் அவ்வளவுதான்.

வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட மெதுவாகக் குரல் கொடுப்பவள் நான். எழுந்து நின்றேன். “நிறுத்தாதீங்க” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.

“இன்னா சிஸ்டர், உங்க தெருவா?” என்றான் பின்வரிசையில் ஒருவன். சிரிப்பு.

“எங்க தெருவும் இப்படித்தான். லாரி வருதான்னு பாக்கணும்.”

“வந்தா சொல்லி அனுப்பறோம், குந்துங்க.”

“நானும் காசு குடுத்துதான் வந்திருக்கேன்.”

“மேடம், அடுத்த படத்துக்கு லேட்டாவுது” என்றார் விழாக்காரர்.

“ஆகட்டும்.”

 என்னோடு வேறு யாரும் எழவில்லை. ஆனாலும் நான் உட்காரவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு விலகினார். கைதட்டல் கொஞ்ச நேரம் தொடர்ந்தது. கை வலித்திருக்கும், நின்றுபோனது.

கடைசியில் லாரி வந்தது. திரை முழுக்கப் பெண்களின் முதுகுகள், அதோடு முடிந்தது. பெரிய படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்தது.

வெளியே அந்தப் பெண் வந்து, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“நடுவுல கொஞ்சம் நீளம்.”

“தெரியும். வெட்ட மாட்டேன்” என்றாள்.

போகிறவர்களுக்கு: சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உள்ளே டீயும் பிஸ்கட்டும்தான். நடுவரிசையில் உட்காருங்கள்; ஓரத்தில் நின்றால் யாருக்கும் தெரியாது. கைதட்டல் தொடங்கினால் எழுந்து நில்லுங்கள். உட்காரச் சொல்வார்கள். படம் முடிந்த பிறகு உட்காரலாம்.