தரைக்குத் திரும்பியவர்

இழந்ததை மீட்கப் போராடுகிற மனிதன் அந்தப் பொருளுக்காகப் போராடுகிறானா, இழந்தவன் என்ற பெயரோடு இருக்கப் பிடிக்காமல் போராடுகிறானா? இரண்டும் ஒன்றுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். டைல்ஸ் மேஸ்திரியைத் தெரிந்துகொண்ட பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

அவர் காதில் விழாத தூரத்தில் ஆட்கள் அவரை ரசமட்டம் என்பார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி அது. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி இருக்கும், அது நடுக்கோட்டில் நின்றால் தரை சரி. எங்கே போனாலும் அவர் பையில் ஒன்று இருக்கும். சாப்பாட்டுக் கடையில் மேசை ஆடினால், காலடியில் காகிதத்தை மடித்து வைத்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். ஒருமுறை சொந்தக்காரர் வீட்டில் சாய்ந்து தொங்கிய கல்யாணப் படத்தைச் சரிசெய்யப் போய், ஆணியே கோணல் என்று கண்டுபிடித்து, அதைப் பிடுங்கியதில் கையகலச் சுவரும் கூடவே வந்துவிட்டது. நல்ல வேலைக்காரர். பெரிய மனிதர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அடுத்தவர் போட்ட தரையைக் குறை சொல்லாமல் அவர் ஒரு வாசலையும் தாண்டியதில்லை.

முழங்கால் ஒரே நாளில் போகவில்லை. முதலில் படியிறங்கும்போது முனகியது. பிறகு, குத்தவைத்து எழும்போதெல்லாம் கை சுவரைத் தேடியது. ஒரு வீட்டுக் குளியலறையில் கடைசிக் கல்லைப் பதித்துவிட்டு எழப் பார்த்தவர், கழிப்பறைப் பீங்கானுக்கும் சுவருக்கும் நடுவே அப்படியே மாட்டிக்கொண்டார். மச்சினன் ஒரு பக்கமும் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. கூடவே வேலை பார்ப்பவன், வாய் சும்மா இருக்காது.

"மாமா, பீங்கானோட சேர்த்து உங்களையும் இங்கேயே பதிச்சு, சுத்தி வெள்ளைச் சிமென்ட் பூசிட்டுப் போயிடவா?"

வீட்டுக்காரர் சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார். ஆனால் வாசல் படியிறங்கும்போது மச்சினன் நீட்டிய கையைத் தட்டிவிட்டார்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டு தேய ஆரம்பித்துவிட்டது, இனிமேல் தரையில் உட்காரக் கூடாது என்றார். அப்புறம்தான் என்ன வேலை என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் எழுதப்போன பேனாவை மூடி வைத்துவிட்டாராம்.

அப்போது புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தா வேலை அவர்கள் கைக்கு வந்திருந்தது. மழை நின்றதும் தொடங்க வேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது மச்சினன் ஒரு யோசனை சொன்னான். மாமா ஆட்களை வைத்து நின்றபடியே வேலை வாங்கட்டும், கீழே உட்கார்ந்து பதிப்பதைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவன் அக்காவுக்கும் அது பிடித்திருந்தது. மேஸ்திரி தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"மழை நிக்கட்டும் மாப்ள. அப்பவும் நான் முட்டி போட்டுப் பதிக்கலேன்னா நீதான் மேஸ்திரி. அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதே."

அவர் களிம்பு வாங்குகிற மருந்துக்கடையின் மேல்மாடியில் யோகா வகுப்பு நடந்தது. தூக்கம் பிடிக்காத தொல்லைக்காக நானும் அங்கே போய்க்கொண்டிருந்தேன். முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர், விரிப்பின் பக்கமே போகாமல் குதிகாலால் தரையை அங்கங்கே தட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் நாலைந்து கல் பொள்ளல், அடியில் கலவையே இல்லை என்று டீச்சரிடம் அறிவித்தார். டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அதை அப்புறம் பார்ப்போம் மேஸ்திரி, இப்போது நீங்கள் படுங்கள் என்றார்.

மற்றவர்கள் கால்களை மடித்துக் குதிகால்மேல் உட்கார்ந்து வஜ்ராசனம் செய்யும்போது, அவருக்கு மட்டும் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே ஒரு தலையணை, அதன்மேல் மடித்த போர்வைகள். பதவியேற்க வந்தவர் மாதிரி எங்களுக்கு மேலே உட்கார்ந்திருப்பார். வாரம் போகப் போகப் போர்வைகள் ஒவ்வொன்றாகக் குறைய வேண்டும் என்பது ஏற்பாடு. டீச்சர் அவரிடம் ஓயாமல் சொன்னது ஒன்றுதான். வலி தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட வேண்டும்.

மற்ற எல்லாவற்றையும் கேட்டார். சிகரெட்டை விட்டார். பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்தார். கோபம் வந்தால் மூச்சை நீளமாக விட வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்ததால், வேலை நடக்கும் இடத்தில் அவர் பெருமூச்சு விட்டாலே ஆட்கள் கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிமென்ட் மூட்டைமேல் சாய்ந்து கதை பேசுகிற பழக்கம் போய், வெறுந்தரையில் மல்லாந்து சவாசனம் செய்தார். கட்டடத்துக் காவல்காரர் அதைப் பார்த்துப் பதறி முகத்தில் தண்ணீரைக் கொட்டினார். மேஸ்திரி கண்ணைத் திறந்து, மூச்சை நீளமாக விட்டு, மறுபடி மூடிக்கொண்டதாகக் கேள்வி.

வலியைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலிக்கு முன்னால் நிற்பது வேலை தெரியாதவன் சால்ஜாப்பு என்பது அவர் எண்ணம்.

ஒருநாள் வீட்டில் பூனை ஆசனம் செய்தார். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை மேசைபோல வைத்துக்கொள்வது. இடுப்புக்குக் குறுக்கே ரசமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறவர் அவர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். குமிழி இடது பக்கம் ஓடி நின்றது. இடது இடுப்பு மேடு.

இத்தனை நாள் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று மேஸ்திரிக்குச் சந்தோஷம். அடுத்து அவர் செய்தது ஒரு டைல்ஸ்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மேடான கல்லை என்ன செய்வார்களோ அதையே செய்தார். வலது முழங்காலுக்கு அடியில் ஆப்பு மாதிரி ஒரு மரத்துண்டைச் செருகிக்கொண்டு, இடது இடுப்பை நன்றாக அழுத்தச் சொன்னார். மனைவி தயங்கினார். குமிழி நடுவே வருகிறவரை விடக் கூடாது என்று உத்தரவு. வந்தது. அவர் உடம்பில் முதலும் கடைசியுமாகக் குமிழி நடுக்கோட்டில் நின்றது அந்த ஒரு கணம்தான். அடுத்த கணம் ஏதோ சுண்டி இழுத்தது. பூனை அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

பல நாள் படுக்கை. திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேண்டும். ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மனைவி சொன்னார்: "கலவை ஈரமா இருக்கும்போது தட்டினாதாங்க கல்லு இறங்கும். உங்களுக்கு இறுகி எத்தனை வருஷமாச்சு?"

மழை பெய்துகொண்டிருந்தது, ஆனால் முன்போல இல்லை. மச்சினன் பார்க்க வந்தான், பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததுதான் அவரை அதிகம் சுட்டது என்று பிறகு மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மறுபடி வகுப்புக்கு வந்தபோது, எழுந்து நடக்க முடிகிற யாரும் அவ்வளவு மெதுவாகப் படியேறியிருக்க மாட்டார்கள். நடந்ததைக் கேட்ட டீச்சர் திட்டவில்லை. கல் பதிப்பதுபோல உட்கார்ந்து காட்டச் சொன்னார். அவர் தலையணைமேல் வலது முழங்காலை ஊன்றி, இடது காலை முன்னே மடக்கி வைத்து, வலது கையால் காற்றில் கலவையைப் பரப்பினார்.

"எப்பவுமே இந்தப் பக்கம்தானா?"

"முதல் நாள்லேர்ந்து."

"அப்ப உடம்பு கோணலா இல்லை மேஸ்திரி. நீங்க கேட்ட மாதிரிதான் நிக்குது. இனிமே வேற மாதிரி கேளுங்க, கொஞ்சம் மெதுவா."

அன்று அவர் போர்வையைக் குறைக்கச் சொல்லி அடம் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு விதமான பிடிவாதம். முன்பு வலியைப் பல்லைக் கடித்துத் தாண்டியவர், இப்போது அது வரும் இடத்தைத் தேடி, அதன் வாசலில் நின்று திரும்பி வந்தார். இது எளிது என்று நினைக்கிறவர்கள் செய்து பார்க்கலாம். இடது முழங்காலை ஊன்றி உட்காரப் பழகினார். இடது கையால் கலவை பரப்பக் கற்றுக்கொள்ளக் கொல்லையில் பழைய கற்களைப் பதிப்பதும் பெயர்ப்பதுமாக இருந்தார். முதலில் பதித்தவை மாட்டுப்பல் மாதிரி இருந்தன என்று மனைவி எங்களிடம் சொன்னபோது அவரும் மறுக்கவில்லை. போர்வைகள் போயின. பிறகு தலையணையும் போனது.

மழை நின்றது.

வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நூல் கட்டினார்கள். ஆட்கள் எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோல் பக்கத்திலேயே நின்றார்கள். மேஸ்திரி முழங்காலுக்கு அடியில் போடுகிற மெத்தையட்டையை விரித்து, மூச்சை விட்டு, இடது முழங்காலை ஊன்றி இறங்கினார். ஒரு வரிசை பதித்தார். எழுந்து கால்களை நீட்டி மடக்கினார். வலது முழங்காலை ஊன்றி அடுத்த வரிசை. வேகம் குறைவுதான். பழைய மேஸ்திரியாக இருந்தால் அந்த நேரத்தில் இன்னும் பாதி தூரம் போயிருப்பார். சாயங்காலம் மச்சினன் கருவிகளைக் கழுவிக்கொண்டே நாளைக்கும் இப்படித்தானா என்று கேட்டான்.

"நாளைக்கும் இப்படித்தான்" என்றார்.

மறுநாள் மச்சினன் ஆட்களிடம், மாமா எழுந்திருக்கும்போது யாரும் கை நீட்டக் கூடாது, அவர் பார்க்காத மாதிரி நகர்ந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி வைத்தானாம்.

வேலை நாளாக நாளாக நகர்ந்து வராந்தாவின் மறுகோடிக்கு வந்தது. பதித்த தரையில் ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது. அவர் இடுப்பில் வைத்திருந்தால் எங்கே நின்றிருக்குமோ தெரியாது, அவர் அதன் பிறகு வைத்துப் பார்க்கவில்லை. கடைசி நாள் மதியம், சுவரை ஒட்டி ஒரே ஒரு வரிசை பாக்கி. கற்கள் அளவு வெட்டித் தயாராக இருந்தன. கலவை குழைத்தாகிவிட்டது. முழங்காலில் வலி இல்லை. சுவரைத் தொடாமல், தரையில் கை ஊன்றாமல் அவர் எழுந்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள்.

கரண்டியைத் துடைத்து மச்சினனிடம் நீட்டினார்.

"இதை நீ போடு மாப்ள. நான் நின்னு பார்க்கிறேன்."

அன்றிலிருந்து அவர் கூலிக்காகத் தரையில் இறங்கவில்லை. நின்றபடி வேலை வாங்குகிறார். ஏன் என்று மனைவி கேட்டார், மச்சினன் கேட்டான், ஒருநாள் நானும் கேட்டேன். காலையில் எங்களுக்கு முன்பே வந்து, ஜன்னலோரம், அந்தப் பொள்ளல் கற்களின்மேல் விரிப்பைப் போட்டு வஜ்ராசனத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மூச்சை நீளமாக விட்டார், மறுபடி மூடிக்கொண்டார்.