பதினோரு விடுதிக்கும் பொதுவான மனிதர்

மினேயு ரயில் நிலையத்தில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது என் மன்ஜு கடை. அடுத்தது, எதிரே இருக்கும் தகவல் கவுண்டர். முதலாவதில் ஆவி பறக்கும் பலகாரம் கிடைக்கும். இரண்டாவதில் குராமோச்சி கிடைப்பார். பலகாரத்துக்காவது உள்ளே பூரணம் உண்டு.

குராமோச்சி தெய்ஜி, எங்கள் ஊர் விடுதிச் சங்கத்தின் சம்பளக்காரர். ஊரில் வெந்நீர் ஊற்று ஒன்று. அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டுப் பிரித்துக்கொள்ளும் விடுதிகள் பதினொன்று. கைபேசி வராத காலம். ரயிலில் வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கே தங்குவது என்று முடிவு செய்யாமலே வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு இடம் காட்டுவதுதான் அவருடைய உத்தியோகம். முப்பத்தோரு வருஷம் அதைச் செய்தார். அத்தனை வருஷத்தில் ஒரு விடுதியின் பெயரைக்கூட அவராக வாய் திறந்து 'இது நன்றாயிருக்கும்' என்று சொன்னதில்லை. நம்ப மாட்டீர்கள். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டவள்.

"நல்ல விடுதி எதுங்க?" என்று யாராவது கேட்டால், "எல்லாமே நல்ல இடந்தாங்க. உங்களுக்கு எது பிடிக்குதோ பாருங்க" என்பார். பிறகு மூன்று கேள்வி கேட்பார். ஆற்றுச் சத்தம் கேட்க வேண்டுமா, மலையைப் பார்க்க வேண்டுமா? சாப்பாடு அறைக்கே வர வேண்டுமா, கூடத்துக்கு வந்து சாப்பிடுவீர்களா? எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, யோசித்து யோசித்துப் பதில் சொல்வார்கள். அவரும் அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும் மேசைமேல் விடுதிக்கு ஒன்றாக அடுக்கியிருக்கும் பதினோரு சீட்டில் மேல் சீட்டை எடுத்து நீட்டுவார். அடுத்தவருக்கு அடுத்த சீட்டு. பதில் என்னவாக இருந்தாலும் சரிதான். கட்டு சுற்றி வரும். எந்த விடுதி முதலாளியம்மாவும் தன் முறை தவறிவிட்டது என்று முகம் சுளிக்க முடியாது.

ஒருமுறை முழங்கால் வலிக்காக ஊற்றில் குளிக்க மனைவியோடு வந்த பெரியவர் ஒருவர், "ஒரு படிகூட ஏற முடியாதுங்க" என்று கெஞ்சினார். அன்றைக்கு மேல் சீட்டு தகாமி விடுதி. வாசலுக்குப் போகத் தொண்ணூற்றேழு படி. குராமோச்சி எழுந்து நின்று, நெற்றி மேசையில் முட்டும்படி குனிந்து வணங்கிவிட்டு, அதே சீட்டைக் கொடுத்தார். அவர் வணக்கத்தின் பணிவைப் பார்த்துப் பெரியவர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

"இது உங்களுக்கே நியாயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"நான் யாருக்கும் பாரபட்சம் பாக்கறதில்ல, இசோ அக்கா" என்றார், பெருமையோடு.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்குகூட இரண்டு பேரைத்தான் சமாளிக்கிறது. இவருக்குப் பதினோரு பேர். புத்தாண்டுக்குப் பதினோரு விடுதியும் நாள்காட்டி கொடுத்தனுப்பும். வீடு இரண்டே அறை. ஆனாலும் பதினொன்றையும் மாட்டுவார். கழிவறைச் சுவரில் மூன்று தொங்கும்; எந்த மூன்று என்பது மாதா மாதம் மாறும், ஒரே விடுதியை எப்போதும் கழிவறையில் வைத்தால் மரியாதைக் குறைவு என்பதற்காக. இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி மசுயோ. சொல்லும்போது சிரிக்கவில்லை.

மசுயோ அதிகம் பேச மாட்டாள். ஆற்றங்கரைச் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தாள். பதினோரு விடுதியின் விரிப்பு, தலையணை உறை, யுகாத்தா அங்கி எல்லாம் அந்தக் கூடத்துக்குத்தான் வரும். மூட்டையைப் பிரித்த உடனே எந்த விடுதிச் சரக்கு என்று சொல்லிவிடுவாள். யார் உறையைத் தினமும் மாற்றுகிறார்கள், யார் கையால் நீவி மடித்து அடுத்தவர் தலைக்கும் அதையே வைக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். மினேயுவில் எங்கே தங்கலாம், எங்கே தங்கக் கூடாது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளை யாரும் கேட்டதில்லை. கேட்கப்பட்டவர் வாயைத் திறந்ததில்லை. ஆண்டவன் பார்த்துச் சேர்த்த ஜோடி.

நவம்பர் பதினெட்டாம் தேதி அவளுக்கு அறுபது நிரம்பியது. அதற்கு முந்தின நாளோடு சலவைக்கூடத்திலும் ஓய்வு. ஏப்ரல் மாதமே, என் கடை முன்னால் நின்று அவரிடம் சொன்னாள்.

"ஏங்க, அறுபதுக்குன்னு ஊர் வழக்கமாக் கொடுக்கற சிவப்புச் சட்டை எல்லாம் வாங்கிடாதீங்க. எனக்கு ஒரே ஒரு ராத்திரி நம்ம ஊரு விடுதியில தங்கணும். வேற யாரோ விரிச்ச படுக்கையில படுக்கணும். வேற யாரோ ஆக்கின காலைச் சோத்தை உக்காந்து சாப்பிடணும். அவ்வளவுதான்."

"ஆகட்டுமே! அதுக்கென்ன?" என்றார்.

"எந்த விடுதி?"

அவர் என் ஆவிப் பானையை உற்றுப் பார்த்தார். பிறகு மணி பார்த்தார். "எல்லாமே நல்ல இடந்தானே மசுயோ" என்றார்.

அந்தக் கோடை முழுக்க எனக்குத்தான் தலைவலி. ரயிலுக்கும் ரயிலுக்கும் இடையில் வந்து நின்றுகொள்வார். "ஒகுசுமி விடுதிக்குப் போனா தகாமி அம்மா என்ன நினைப்பாங்க? தகாமிக்குப் போனா ஒகுசுமி அம்மா சும்மா இருப்பாங்களா? பக்கத்து ஊருக்குப் போயிடலாம்னா, மினேயு கவுண்டர்காரனே வெளியூர்ல தங்கறான்னு ஆயிடும்."

"மேல் சீட்டை எடுத்துக்கிட்டுப் போங்களேன். ஊருக்கெல்லாம் அதைத்தானே பண்றீங்க?"

"அது விருந்தாளிங்களுக்கு அக்கா! கட்டின பொண்டாட்டியைப் போய் அப்படி முன்ன பின்ன யோசிக்காம எங்கயாவது தள்ளிவிட முடியுமா?"

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சிறு வெட்கம்கூட இல்லை. முழங்கால் பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் விஷயத்தைச் சங்கத்துக்கே கொண்டுபோனார். தன் மனைவி எங்கே தூங்குவது என்று கூட்டம் போட்டு முடிவெடுத்த மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். அக்டோபர் கூட்டத்தில் பதினோரு முதலாளியம்மாக்களும் உட்கார்ந்தார்கள். தகாமி அம்மா, "எங்க இடம் என்னங்க, பாழடைஞ்ச கட்டடம். ஒகுசுமிதான் அவங்களுக்குப் பொருத்தம்" என்றார். ஒகுசுமி அம்மா, "ஐயோ, எங்ககிட்ட என்ன இருக்கு?" என்று அடுத்தவரைக் கை காட்டினார். எங்கள் ஊரில் 'எங்க வீட்டுல ஒண்ணுமில்லைங்க' என்றால் 'எங்க வீட்டுக்கு வராமப் போயிடுவியா' என்று பொருள். பதினோரு பேரும் அதையே சொன்னால் எந்த வீட்டுக்கும் போக முடியாது.

தங்குவதைப் பற்றி 'நல்லவிதமாக யோசிக்கப்படும்' என்று தீர்மானம் எழுதினார்கள். அது 'இல்லை' என்பதற்கு எங்கள் பக்கத்து மரியாதைச் சொல். அதற்குப் பதிலாக, பிறந்தநாள் சாயங்காலம் பதினோரு விடுதியும் ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து குராமோச்சி வீட்டுக்கே அனுப்புவது என்று முடிவானது. மனிதர் துள்ளிக் குதிக்காத குறையாக வந்தார். "யாருக்கும் மனத்தாங்கல் இல்லாம முடிஞ்சுது, அக்கா!"

மசுயோ மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் என் கடையில் நின்றாள். "பதினோரு வீட்டுச் சாப்பாடு வருதாம். பதினோரு வீட்டுப் பாத்திரத்தைக் கழுவி, துடைச்சு, வீடு வீடாத் திருப்பிக் கொடுக்கறது யாரு, இசோ அக்கா? இருபத்தேழு வருஷமா அவங்க அழுக்குத்தானே துவைச்சேன். பொறந்தநாளைக்கும் அவங்க சாமானா?"

பதிலுக்கு நிற்காமல் ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டாள்.

பதினெட்டாம் தேதி மூன்று மணி விரைவு ரயில் வந்தது. இலையுதிர்காலச் சிவப்பைப் பார்க்க வந்த கூட்டம். கவுண்டரில் வரிசை நீண்டது. தகாமி விடுதியின் ஆள், வருகிறவர்களை அழைத்துப்போக, விடுதிக் கொடியைப் பிடித்துக்கொண்டு தூண் ஓரம் நின்றான். வரிசையில் நடுவே, நல்ல கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையில் சின்னத் துணி மூட்டையோடு மசுயோ நின்றாள். அவள் முறை வந்தது.

"வாங்க, வாங்க. எத்தனை பேருங்க?" குராமோச்சி தலை நிமிரவில்லை.

"ஒருத்தர். ஒரு ராத்திரி."

நிமிர்ந்தார். "மசுயோ! என்ன விளையாட்டு இது? வரிசையில ஆளுங்க நிக்கறாங்க."

"நானும் வரிசையிலதான் நின்னு வந்திருக்கேன். நல்ல விடுதி எதுங்க?"

ஒரு முழு மன்ஜுவை வாயில் திணித்ததுபோல் விழித்தார். பிறகு சட்டென்று ஒரு வழி கிடைத்தது. "ஒத்தை ஆளுக்கு எந்த விடுதியிலயும் அறை கொடுக்கறதில்லைங்க. சங்கத்து விதி."

அது உண்மைதான். தனியாக வருகிறவர், அதிலும் பெண் என்றால், ஏதாவது விபரீதம் செய்துகொள்ள வந்திருப்பாரோ என்று விடுதிகளுக்குப் பயம். அதைச் சொந்த மனைவியிடம் சொல்லித் தப்பிக்கலாம் என்று ஒரு மனிதருக்குத் தோன்றுகிறதே!

"மூணு கேள்வி கேப்பீங்களே, கேளுங்க" என்றாள். "நானே சொல்லிடறேன். ஆத்துச் சத்தம் கேக்கணும். சாப்பாடு அறைக்கு வரணும். எவ்வளவு தூரம்னாலும் நடப்பேன்."

அவர் கை தானாகச் சீட்டுக்கட்டுக்குப் போனது. மசுயோ கட்டின்மேல் தன் கையை வைத்து அமுக்கினாள். சலவைச் சோடாவில் வெந்து தடித்த கை.

"சீட்டு வேணாங்க. நீங்க சொல்லுங்க."

சொல்லித் தொலையுமேன் என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. ஏதாவது ஒரு பெயர் போதும். தப்பான பெயராக இருந்தாலும் அவள் போயிருப்பாள். போகும்போது அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். குராமோச்சி கொடிக்காரனைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"எல்லாமே நல்ல இடந்தாங்க" என்றார்.

"சரி. கவாசேக்குப் போன் போடுங்க."

கவாசே ஊர்க் கோடியில், ஆறு வளையும் இடத்தில் இருக்கிறது. ஆறே அறை. அவர் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கையில், பின்னால் நின்ற ஒருவர், "ஏம்மா, அந்த விடுதி நல்லாயிருக்குமா?" என்று கேட்டார்.

இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக யாரோ அவளைக் கேட்டுவிட்டார்கள்.

"நான் சலவைக்காரிங்க. பதினோரு விடுதித் துணியும் என் கைக்குத்தான் வரும். ஆளுக்கு ஆள் தலையணை உறை மாத்தறது கவாசே அம்மா மட்டுந்தான். விரிப்புல கறை இருந்தா, 'சிரமத்துக்கு மன்னிக்கணும்'னு ஒரு துண்டுத்தாள்ல எழுதிக் குத்தி அனுப்புவாங்க."

மற்ற பத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் கணக்குத் தெரியும். கொடிக்காரன் கொடியை மெதுவாகச் சுருட்டினான்.

"மசுயோவா? தனியாவா? உடனே வரச் சொல்லுங்க!" என்று கவாசே அம்மாவின் குரல் தொலைபேசிக்கு வெளியே கேட்டது. மசுயோ தலை குனிந்து வணங்கிவிட்டு மூட்டையோடு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்தவர் வந்தார். குராமோச்சி தகாமிச் சீட்டை நீட்டினார். "அது வேணாங்க. அந்தம்மா போன இடம்." அடுத்தவரும் அதே. அதற்கடுத்தவரும் அதே. ஏற்கெனவே இரண்டு அறையில் ஆள் இருந்ததால் அத்தோடு கவாசே நிரம்பிவிட்டது. நான்காவதாக வந்த பெண்மணி சீட்டை வாங்கிக்கொண்டு, "உறையை மாத்தச் சொல்லி இப்பவே ஒரு போன் போட்டுடறீங்களா?" என்று கேட்டார். முப்பத்தோரு வருஷப் பாரபட்சமின்மை கால் மணி நேரத்தில் போனது.

ஐந்தரை மணிக்கு நான் கடையின் தட்டியை இறக்கும்போது அவர் மறுபடி தொலைபேசியை எடுத்தார்.

"தகவல் கவுண்டர் குராமோச்சி பேசறேங்க. ஒருத்தர், ஒரு ராத்திரி... நான்தாங்க."

"அறை நிரம்பிடுச்சுங்களே. நீங்கதானே அனுப்பினீங்க?" கவாசே அம்மாவுக்கு எப்போதும் வெண்கலக் குரல். "அதுவும் ஒத்தை ஆளுக்குக் கொடுக்கறதில்லைங்க, சங்கத்து விதி. இருங்க, உங்க வீட்டம்மா அறையில இடம் இருக்கும். கேட்டுட்டு வரேன்."

காத்திருந்தார். குரல் திரும்பி வந்தது. "கேட்டேங்க. உங்களுக்கு எந்த விடுதிக்கு வரணும்னு இருக்குன்னு கேக்கறாங்க. பேரைச் சொல்லிட்டு வரச் சொன்னாங்க."

ஒரே ஒரு சொல். கவாசே என்று சொன்னால் போதும். நான் தட்டியைப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றேன். தூண் ஓரம் கொடிக்காரன் அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்தான். குராமோச்சி அவன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எதுவா இருந்தாலும் எனக்குச் சரிதாங்க."

"அப்போ இன்னும் பத்து இருக்குதுங்களே" என்று கவாசே அம்மா போனை வைத்துவிட்டார்.

அவர் வீட்டுக்குப் போனார். வாசலில் மூடி போட்ட பாத்திரங்கள் பதினொன்று வரிசையாக இருந்தனவாம். பதினொன்றிலும் ஒவ்வொரு வாய் சாப்பிட்டாராம், சீட்டுக்கட்டின் வரிசைப்படி. இதையும் அவரே பிறகு என்னிடம் சொன்னார், பெருமையோடு.

மறுநாள் காலை பத்தரைக்கு மசுயோ வந்து ஒரு மன்ஜு வாங்கினாள். முகம் குளித்த சூட்டில் சிவந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"விரிப்பை நல்லா வெளுத்திருந்தாங்க அக்கா" என்று சிரித்தாள். "முந்தாநாள் நான் வெளுத்ததுதான். ஆனா விரிச்சது வேற ஆளு! காலையில மீனும் சூப்பும் சோறும் கொண்டுவந்து வச்சாங்க. ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கொஞ்சம் அழுகைகூட வந்துச்சு."

அதற்குள் குராமோச்சி கவுண்டரை விட்டு ஓடி வந்தார். இரண்டு கையிலும் இரண்டு பெரிய துணி மூட்டை. உள்ளே பாத்திரங்கள் மோதிச் சத்தம் போட்டன. கழுவவில்லை என்பது வாசனையிலேயே தெரிந்தது. பிறந்தநாளைப் பற்றிக் கேட்கவில்லை. நன்றாகத் தூங்கினாயா என்று கேட்கவில்லை.

"நல்லவேளை, வந்துட்டே மசுயோ! இதையெல்லாம் திருப்பிக் கொடுக்கணும். முதல்ல எந்த விடுதிக்குப் போனா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க? சொல்லேன்."

மசுயோ கையிலிருந்த மன்ஜுவை இரண்டாகப் பிட்டாள். இரண்டு பாதியையும் அவளே சாப்பிட்டாள். பொறுமையாக மென்று விழுங்கிவிட்டு, கவுண்டருக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல் குனிந்து வணங்கினாள்.

"எல்லாமே நல்ல இடந்தாங்க. உங்களுக்கு எது பிடிக்குதோ பாருங்க."