பேஸ்மென்ட் அடுப்பில் கற்பூரம்

குளிர்தேசத்து ஆர்ச்வேயில் நான் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் வீட்டில் ஹீட்டர் பழுது. மாடியில் அந்த வீட்டு மகளும் அவளுடைய கைக்குழந்தையும் போர்வைக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். வீட்டுக்காரர் சிவம் அண்ணை பேஸ்மென்டில் இரும்பு அடுப்பின் முன் குந்தியிருக்கிறார். அது எரிந்தால் வீடே சூடாகிவிடுமாம். விறகோ பற்றவே மாட்டேன் என்கிறது. கடைசியில் கோயிலுக்கென்று வைத்திருந்த அர்ச்சனைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து விறகுக்கடியில் வைத்துக் கொளுத்துகிறார்.

"சாமிக்கு வாங்கினதாச்சே?" என்கிறேன்.

"ஓம். மனிசி கண்டா ஏசுவா. நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ."

நெருப்பு பிடிக்கும்போதே அவர் மனைவி படியிறங்கி வருகிறார். சிவம் அண்ணை அர்ச்சனைப் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளுகிறார். மனைவி அடுப்புக்குள் பார்க்கிறார். சுடரை நோக்கிக் கைகளை நீட்டிக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார்.

"இன்னும் ரெண்டு கட்டி போடுங்கோ. பிள்ளைக்குக் குளிருது."