எலி வராத தோட்டம்

எங்கள் வீட்டில் அண்ணிக்கு அலாரம் என்று பட்டப்பெயர். வைத்தவள் நான்தான். நாத்தனார் என்று இருந்துவிட்டு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? வெளியே கிளம்பினால் அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடி வருவாள். போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாள். இடி, ஊசி, உயரம், கூட்டம், பல் டாக்டர், சீருடை போட்ட எவரும், எல்லாவற்றுக்கும் பயம். அத்தனை பயத்துக்கும் தலைமைப் பயம் எலிப் பயம். பேச்சில் எலி வந்தாலே காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்கிற ஆள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அண்ணிக்கு வெளிச்சத்திலும் நாலு பேய் தெரியும்.

தொழில் திரைச்சீலை தைப்பது. ஜன்னல் அளவை ஒரு கடைக்காரர் துணியோடு அனுப்புவார். பின்னறையில், தோட்டத்தைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே, தையல் மிஷின். அவள் போட்ட மடிப்பில் கோணல் பார்க்க முடியாது. திறமை மட்டும் இல்லை, வாங்குகிறவர் திட்டிவிடுவாரோ என்ற பயமும்தான். நான் மாடியில் குடியிருக்கிறேன். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. காலை முதல் மாலை வரை சண்டை போட்டுப் பழகிய வாய், வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் சந்தித்ததே லிஃப்ட்டால்தான். கடைக்காரரின் கட்டடத்தில் துணி மூட்டையோடு ஏறியவள் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். விளக்கும் போய்விட்டது. அண்ணன் வந்து கதவுக்கு வெளியே நின்று, "ரெண்டு நிமிஷம்மா, ரெண்டே நிமிஷம், இதோ திறந்துடும்" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்தானாம். திறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே இருப்பவர்களிடம் உண்மை சொல்லக் கூடாது, சொன்னால் கதவை உடைக்கப் பார்ப்பார்கள் என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். அந்தக் குரலை நம்பித்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம்.

அண்ணன் அந்தத் தொழிலை வீட்டுக்கும் கொண்டுவந்தான். இடி இடித்தால், "அது ரொம்ப தூரத்துல." காய்ச்சல் என்றால், "நாளைக்குப் போயிடும்." எங்களுக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தக் கெட்ட செய்தி வந்தாலும் முதல் வார்த்தை, "அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க."

கல்யாணமான புதிதில், ஒரு மாலை இருட்டும் நேரத்தில் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனவள் கத்தின கத்தலில் நான் மாடியிலிருந்து செருப்பில்லாமல் இறங்கி வந்தேன். சுவரோரம் ஏதோ ஓடியது என்றாள். அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தான். முள்பந்து ஒன்று சுருண்டு கிடந்தது.

"முள்ளெலிதான். ஒண்ணும் பண்ணாது."

"பேரிலேயே எலி இருக்கே!"

"பேர்ல இருந்தா? கடல்குதிரையில ஏறி சவாரியா போறாங்க? இது எலிக்கு ஜென்ம எதிரி. இது இருக்கிற தோட்டத்துல எலி எட்டிக்கூடப் பார்க்காது."

பொய். பச்சைப் பொய். முள்ளெலி வண்டும் புழுவும் நத்தையும் தின்று தன்பாட்டுக்குப் போகும் பிராணி. எலி வருவதை அது எதற்குத் தடுக்கப்போகிறது? ஆனால் அண்ணியின் முகம் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த வாரமே அண்ணி தோட்டத்தில் இறங்கிவிட்டாள். கால்நடை மருத்துவமனையில் இருக்கிற டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். பால் வைக்கக் கூடாது, வயிறு கெட்டுவிடும். அகலத் தட்டில் தண்ணீர், கொஞ்சம் பூனைத் தீனி. சருகைக் கூட்டிக் கொளுத்தக் கூடாது. ஒரு மூலையில் குவித்து, உள்ளே பழைய பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தால் அது கூடு கட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தால் ஏறி வர ஒரு செங்கல் படி. காய்கறிப் பாத்தியில் வலை கட்டினால் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முள் மாட்டிக்கொண்டு செத்துப்போகும். ஒரு தோட்டம் அதற்குப் போதாது, சுவருக்குச் சுவர் போய்வர வழி வேண்டும். மனிதர்களைக் கண்டாலே நடுங்குகிறவள் பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டி, "உங்க சுவர்ல கீழ ஒரு ஓட்டை போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். திரும்பி வந்தபோது புடவை முந்தானை முழுக்கக் கசங்கியிருந்தது. நாலு வீட்டில் சம்மதம்.

காவலுக்கு நாய் வளர்ப்பார்கள். எங்கள் அண்ணி முள்ளெலி வளர்த்தாள். மாலையில் பின்வாசலில் நாற்காலி போட்டுக் கால்களைத் தரையில் வைத்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

இப்போது நான் சொல்லப்போவது அந்த நாட்களில் எனக்குத் தெரியாது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீனி வைக்கிற இடத்துக்கு எலி வராமல் இருக்குமா? வந்தது. அண்ணன் பார்த்துவிட்டான். அவள் கண்ணில் ஒன்று பட்டால் போதும், அவன் சொன்ன கதை கிழிந்துவிடும், அவள் மறுபடி நாற்காலிமேல் ஏறிவிடுவாள். அதனால் எலி மருந்துக் கட்டி வாங்கி, அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, சுவரோரம் செங்கல்லுக்குப் பின்னால் வைத்துவந்தான். செத்த எலிகளை அவள் எழுவதற்கு முன் எடுத்துப் புதைத்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, இவன் பெண்டாட்டியின் பயத்துக்குப் பயந்து கொளுத்தினான்.

ஒரு பகல், நல்ல வெயில். அடுத்த வீட்டுப் பெண் சுவர்மேல் எட்டிப் பார்த்து, "அய்யோ, எவ்ளோ அழகு! பகல்லயே வெளிய வந்துடுச்சு பாருங்க!" என்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று விடுமுறை. நானும் சிரித்துக்கொண்டே பார்த்தேன். முள்ளெலி தண்ணீர்த் தட்டை நோக்கி மெல்ல வந்தது. வந்து, நின்று, ஒருபக்கமாகச் சாய்ந்து, திரும்ப நடந்தது.

மிஷின் சத்தம் நின்றது. அண்ணி வாசலுக்கு வந்தாள்.

"தப்பு" என்றாள். "பகல்ல வரக் கூடாது."

"ஆரம்பிச்சுட்டியா அலாரம்? காத்து வாங்க வந்திருக்கும்."

"குட்டி போட்டிருக்கு. போன வாரம்தான் வாயில சருகைக் கவ்விக்கிட்டுப் போச்சு. குட்டி போட்டது பசிக்குப் பகல்லயும் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆனா அது வேகமா போகும், வேகமா வரும். இது தள்ளாடுது." சருகுக் குவியலைக் காட்டினாள். "இது செத்தா உள்ள இருக்கிற குட்டியும் செத்துடும்."

அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வியே, "யாராச்சும் மருந்து ஏதாவது வச்சீங்களா?"

"நம்ம வீட்டிலயா? சேச்சே" என்றான் அண்ணன். "காலைல சரியாயிடும் பாரு." சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

காலையில் முள்ளெலி தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. தொட்டால் சுருள வேண்டும், சுருளவில்லை. வாயோரம் ரத்தம். அண்ணி அதை அட்டைப் பெட்டியில் துணி போட்டு வைத்து மடியில் ஏந்திக்கொண்டாள். அண்ணன் வண்டி ஓட்டினான். நான் பின்சீட்டில் இருந்தேன்.

டாக்டரம்மா அதன் வயிற்றைத் திருப்பிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். "பால் கொடுத்துக்கிட்டிருக்கிற தாய். உள்ளுக்குள்ள ரத்தம் கசியுது. எலி மருந்து மாதிரி இருக்கு. கட்டியைத் தின்ன வண்டு, நத்தையை இது தின்னாலே போதும். ஆனா அடிபட்டிருந்தாலும் இப்படி ஆகும். எலி மருந்துன்னா அதுக்கு மாத்து ஊசி இருக்கு. வீட்டில வச்சீங்களா?"

"இல்லை டாக்டர்" என்றாள் அண்ணி உடனே. "எங்க தோட்டத்துல எலியே கிடையாது. இது இருக்கிறதால எலி வராது."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னா உங்களுக்கு?"

அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். சந்தேகத்தோடு இல்லை, 'நீங்களே சொல்லுங்க' என்கிற மாதிரி. அண்ணன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. சொன்னால் இவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் பெட்டியில் இருப்பதும் சாகும், சருகுக்குள் இருப்பதும் சாகும். அவன் வாயைத் திறந்தான், மூடினான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

"நான்தான் வச்சேன்" என்றான். "ரொம்ப நாளா வைக்கிறேன்."

அண்ணி பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

டாக்டரம்மா ஊசியை எடுத்துக்கொண்டே, "நேத்தே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். குட்டிங்களைக் கொண்டு வாங்க, சீக்கிரம். அதுங்களுக்குப் பசி தாங்காது" என்றார்.

தோட்டத்தில் சருகுக் குவியல் இடுப்பு உயரம். அண்ணன், "நான் எடுக்கிறேன்" என்று முன்னால் வந்தான்.

"தள்ளி நில்லுங்க. உள்ள எப்படிப் பலகை வச்சிருக்குனு உங்களுக்குத் தெரியாது. சரிஞ்சா நசுங்கிடும்."

"கையுறையாவது போட்டுக்க அண்ணி" என்றேன்.

"போட்டா எது குட்டி, எது சருகுனு தெரியாது."

மண்டியிட்டாள். கையில் சருகைத் தேய்த்துக்கொண்டாள், மனித வாசனை போக. அவள் என்ன நினைக்கிறாள் என்று அவள் சொல்லாமலே எங்கள் இருவருக்கும் தெரிந்தது. நேற்று வரை அந்தக் குவியலில் முள்ளெலி மட்டும்தான் இருந்தது. இன்று அதில் எலியும் இருக்கிறது. முள் குத்தினால் குட்டி. குத்தாவிட்டால்?

கண்களை இறுக மூடிக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டாள். சருகு அசைந்தது. அவள் கைக்குப் பக்கத்தில் கொழுத்த எலி ஒன்று வெளியே வந்து, அவள் மேல்கைமேல் ஏறி, வாலை இழுத்துக்கொண்டு இறங்கி, சுவரோரம் ஓடியது.

கத்தியது நான். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை, கவிழ்த்து வைத்த வாளிமேல் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை வருஷம் அவளைக் கேலி செய்த வாய், மூட முடியாமல் திறந்து கிடந்தது.

அண்ணி கையை எடுக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. கை மட்டும் உள்ளேயே இருந்தது.

"கிடைச்சுது" என்றாள்.

உள்ளங்கையில் ஒன்று. பல் தேய்க்கிற பிரஷ் போல முள். பிறகு இன்னொன்று. துணியில் வைத்து மூடினேன். போதும், வா என்றேன்.

"இன்னொண்ணு இருக்கானு பாக்கணும்."

மறுபடி கையை விட்டாள். முதல் தடவை எலி இருப்பது நிச்சயமாகத் தெரியாமல் விட்டாள் என்றாவது சொல்லலாம். இந்தத் தடவை எல்லாம் தெரிந்து விட்டாள். மூன்றாவது குட்டி பலகைக்கு அடியில் இருந்தது.

மறுநாள் போன் வந்தது. அண்ணிதான் எடுத்தாள். எடுக்கும் முன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். குட்டிகள் பிழைத்துவிட்டன. தாய் இல்லை.

அண்ணன் பின்னறை வாசலில் நின்றான். "நீ பயப்படுவேன்னுதான்..."

அண்ணி மிஷினில் வைத்த துணியைத் தடவிக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு லிஃப்ட்ல என் கையில வாட்ச் இருந்துச்சு."

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"இருட்டுல முள் மின்னுற வாட்ச். நீங்க ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நான் வாட்சைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பொய்னு தெரியும். தெரிஞ்சும் பேசட்டும்னு இருந்துச்சு." நூலைக் கடித்து அறுத்தாள். "அந்தப் பொய்யில யாரும் சாகல."

"இது பொய்னும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"இது தெரியல. இதை நம்பித்தான் தோட்டத்துல கால் வச்சேன்."

அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவள் சமாதானம் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

குட்டிகளை டாக்டரம்மா சொன்னபடி நாய்க்குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துச் சொட்டு சொட்டாகக் கொடுத்து அவள்தான் வளர்த்தாள். அண்ணன் மண்ணைக் கிளறி மிச்ச மருந்தையெல்லாம் தேடி எடுத்தான். முள் கெட்டியானதும் மூன்றும் சுவர் ஓட்டை வழியாகப் போய், வந்து, போய், ஒருநாள் அவற்றுக்கே தோட்டம் சொந்தமாகிவிட்டது. மருந்து வைப்பது நின்றதும் எலிகளும் தாராளமாக வந்தன. முள்ளெலி தின்று போனதும் மிச்சத் தீனியை எடுத்து மூடி போட்ட டப்பாவில் வைக்கிறாள். குறைந்தன, ஒழியவில்லை.

இப்போது மாலையில் அண்ணன் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவளிடம் சொல்ல வேண்டும். அது அவள் போட்ட சட்டம். நேற்றும் நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை?"

"ஒண்ணும் பெருசா..."

அவள் பார்த்தாள்.

"மூணு. ஒண்ணு பெருசு."

கால்கள் இரண்டும் நாற்காலிமேல் ஏறிவிட்டன. முகத்தில் ரத்தமில்லை. ஆனால் எழுந்து உள்ளே போகவில்லை. "எந்தப் பக்கம்?"

"உன் நாற்காலிக்குப் பின்னாடி."

திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டிப் பக்கத்தில் நின்ற அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப போகும்?"

"ரெண்டு நி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பின்னால் இருந்த செங்கல் பக்கம் பார்த்தான்.

"தெரியல" என்றான்.