அவருக்கு நான் கொடுத்த எட்டாம் வகுப்பு

சுவிஸில், பேர்ண் நகரத்தின் ஓரத்துப் பூம்ப்ளிஸில் நாங்கள் ஐந்து பேர் இருந்த வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தது எண்பதுகளின் நடுவில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். கையில் ஒரு சூட்கேஸ். இரண்டு சோடி காலுறையைப் போட்டு, அதற்கு மேல் ஊர்ச் செருப்பு. கூட்டிக்கொண்டு வந்தவன் இவர் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்தவர் என்றான். பன்னிரண்டு வருடம். மழை முகிலுக்குள் மின் எப்படிச் சேர்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியாம். எனக்கோ எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. ஆகவே அன்றைக்கே ‘சேர்’ என்று கூப்பிடத் தொடங்கினேன்.

நான் பயந்த ஆள். தபால்காரர் வரும் நேரம் கேஸ் கடிதமோ என்று யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அடுப்பை அணைத்தேனா என்று பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். அந்தப் பயத்தை எனக்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம். அவருக்கும் ஊட்டினேன்.

அகதி விசாரணைக்கு அவருக்கு இரண்டு கிழமை இருந்தது. சொல்வதற்கு அவரிடம் உண்மையே இருந்தது. மாணவன் ஒருவனை ஆமி பிடித்துக்கொண்டு போனபோது, இவர் முகாம் வாசலில் மூன்று நாள் போய் நின்று அவனை விடச்சொல்லிக் கேட்டிருக்கிறார். நாலாம் நாள் இவரைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உலாவியது. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களைத்தான் முதலில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று. யாருக்கு அப்படி நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

“சேர், கம்பஸில படிப்பிச்சனான் எண்டு வாயே திறக்காதேங்கோ. அரசாங்கத்தின்ர சம்பளம் எடுத்தவனுக்கு அரசாங்கத்தால என்ன ஆபத்து எண்டு கேப்பாங்கள்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப நான் ஆர்?”

நான் என்னையே கொடுத்தேன். சந்தியில் நான் வேலை செய்த பலசரக்குக் கடை, ஆமி அதை எரித்த நாள், முதலாளி ஓடிய ஒழுங்கை, என் எட்டாம் வகுப்பு, எல்லாம். குசினி மேசையில் அவரை இருத்தி, நானே விசாரணை அதிகாரியாகிக் கேள்வி கேட்டேன். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எவ்வளவு பாரம் இருக்கும் என்று கேட்டேன். எந்த வெப்பநிலையில் என்று திருப்பிக் கேட்டார். சோறு போட்டுக்கொண்டிருந்தவன் சிரித்துச் சிரித்து அகப்பையைக் கீழே போட்டுவிட்டான். “உப்பிடிக் கதைச்சியள் எண்டா நேர ஊருக்குப் பிளேன்தான், சேர்” என்றான்.

நான் சிரிக்கவில்லை. கடைக்காரன் எப்படி நிற்பான், எப்படிக் கையால் நிறை பார்ப்பான் என்றெல்லாம் செய்து காட்டினேன். முதலில் சொன்னதைக் கடைசிவரைக்கும் மாற்றக்கூடாது, அதுதான் முக்கியம் என்று நாளுக்கு நாலு தடவை சொன்னேன். சோதனைக்குப் படிப்பதுபோலப் படித்தார். விசாரணையில் ஓரிடத்திலும் தடக்காமல் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அதை எழுதவே இப்போது கூசுகிறது.

பிறகு பேர்ணில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரிக் குசினியிலேயே அவருக்கும் வேலை கிடைத்தது. நோயாளர் சாப்பிட்ட தட்டங்கள் ஓடுகிற பட்டியில் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் எச்சிலை வழித்து மெஷினுக்குள் அடுக்குவோம். “புரொபெசர், தட்டு வருது, பாத்துப் பிடியுங்கோ” என்று எங்கள் பெடியள் நக்கலடிப்பார்கள். அவர் கோபித்ததில்லை.

லீவு நாளில் ஸ்டேசனுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போவார். பௌதிக வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பார். அவரை ஒருவரும் யார் என்று கேட்கவில்லை. ஒருநாள் முகிலைப் பற்றிய வகுப்பில் கையைத் தூக்கி இங்கிலிசில் ஏதோ கேட்டிருக்கிறார். வகுப்பு முடிந்ததும் அந்தப் பேராசிரியர் அவரை மறித்து வைத்துக் கதைத்திருக்கிறார். சில மாதம் கழித்து, முதலாம் வருட மாணவர்களுக்கு ஆய்வுகூடச் செய்முறை வகுப்பை நீர் எடுப்பீரா என்று அவரே கேட்டார். இந்தச் செய்தியைச் சேர் எங்களுக்குச் சொன்னது சப்பாத்தைக் கழற்றாமல், குசினிக்குள் வந்து நின்றபடி. அவர் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்ததை நான் அந்த ஒருமுறைதான் கண்டேன்.

புது வேலைக்கான அனுமதி வெளிநாட்டவருக்கான பொலிஸிடமிருந்து வரவேண்டும். பேராசிரியர் கடிதம் எழுதினார். ஊரிலிருந்து மனைவி அனுப்பிய பட்டச் சான்றிதழ்களைச் சேர் அதனுடன் இணைத்தார். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு அந்த ஒன்றுக்குப் பயப்படத் தோன்றவில்லை.

கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு பக்கம் சான்றிதழ்கள், மறுபக்கம் அகதி விசாரணையில் எழுதிய எட்டாம் வகுப்புக் கடைக்காரன். இரண்டில் ஒன்று பொய், எது என்று கேட்டார்களாம். சான்றிதழ் உண்மை என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் கேஸ் பொய் என்று எழுதிக்கொண்டார்கள். முகாம் வாசல் கதையை அப்போதுதான் சொன்னார். இது இப்போது சோடித்தது என்றார்கள். யார் சொல்லித்தந்தது என்று கேட்டதற்கு அவர் வாய் திறக்கவில்லை.

சொல்லிக்கொடுத்த ஆள் வந்து, பயத்தில் அப்படிச் செய்தோம் என்று ஒப்புக்கொண்டால் ஒரு வழி இருக்கிறது என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அதை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சேர் என்னிடம் சொன்னார். நீராவியில் கண்ணாடி வெள்ளையாகியிருந்தது. எனக்கு அவருடைய கண் தெரியவில்லை.

“தம்பி, நீர் ஒருக்கா வந்து சொல்லுவீரோ?”

“என்ர கேசும் முடியேல்லை, சேர்.”

“ஓம். அதுவும் கிடக்குது” என்றுவிட்டு அடுத்த தட்டத்தை எடுத்தார்.

ஒருமுறைதான் கேட்டார். இன்னொருமுறை கேட்டிருந்தால் போயிருப்பேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். போயிருக்கமாட்டேன்.

கேஸ் நிராகரிக்கப்பட்டது. அப்பீல் இழுபட்டது. செய்முறை வகுப்பு வேறொருவருக்குப் போனது. அவர் மேட்டில் ஏறுவதை நிறுத்திவிட்டார். லீவு நாளில் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். தட்டம் கழுவுவதில் மட்டும் ஒரு பிழையும் வராது.

இரண்டு மூன்று வருடம் போனபின், நீண்ட நாள் காத்திருந்த ஆட்களுக்கு விசா கொடுக்கத் தொடங்கினார்கள். எனக்கும் அவருக்கும் ஒரே கிழமையில் படிவம் வந்தது. எனக்கு ஜெர்மன் எழுத வராது. அதே குசினி மேசையில் என்னுடையதை முதலில் நிரப்பித் தந்தார். படிப்பு, எட்டாம் வகுப்பு. ஊரில் செய்த தொழில், கடையில் வேலை. பிறகு தன்னுடையதை எடுத்து விரித்தார்.

“இனியாவது உள்ளதை எழுதுங்கோ, சேர்.”

“முதல் சொன்னதை மாத்தக்கூடாது எண்டு நீர்தானே படிப்பிச்சனீர்.”

என் படிவத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து அந்த இரண்டு வரியையும் தன்னுடையதில் எழுதினார். எழுத்து அழகாக இருந்தது. மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மடித்து உறையில் வைத்தார்.