ஜாமீன் நின்ற அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்குத் தங்கையின் வணக்கம். அழாமல் எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடிகிறதா பார்ப்போம்.

சுசீந்திரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவர் அண்ணன். அப்பா போனபோது எங்களுக்கு மிஞ்சியது குளத்தடி வயல் ஒன்றுதான். அண்ணன் அதில் நெல்லும் விளைவித்தார். அதைக் காட்டி நாகர்கோவில் கோர்ட்டில் ஜாமீனும் நின்றார். வயலுக்குக் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதை நீட்டி, இந்த ஆள் வாய்தாவுக்கு வராவிட்டால் என் வயல் பொறுப்பு என்று கையெழுத்துப் போடவேண்டும். கிடைப்பது ஒருநாள் கூலிக்குக் கொஞ்சம் கூட. சிலர் காப்பி வாங்கிக் கொடுத்தே அனுப்பிவிடுவார்கள். எங்கள் மாமா மகன் இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்பட்டுக் கேட்டபோது அண்ணன் சிரித்தார்.

"வரும்படி வரும், போவும் மாப்பிளே. ஆளு ஓடுனா நாமதான் தேடிப் பிடிக்கணும். அதனால ஜாமீன் நின்ன ஆளு வீட்டுல கை நனைக்கப்பிடாது. சோத்தத் தின்னுட்டு அவனயே எப்பிடிப் பிடிச்சிட்டு வருவ?"

மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளும் கூலி ஒருவர், அடிதடி வழக்கில் அண்ணனின் ஜாமீனில் வெளியே வந்தவர், வாய்தாவுக்கு வரவில்லை. அடுத்த வாய்தாவிலும் வராவிட்டால் வயல் ஏலம் என்றது கோர்ட். அந்த வயலை என் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தோம். வரனும் பேசி முடித்தாயிற்று.

அவர் கொட்டாரத்தில் மச்சினன் வீட்டில் இருப்பதாகத் துப்புக் கிடைத்து அண்ணன் போனார். வாசலில் பந்தல். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணமாம். விவரம் தெரியாத அவர் மனைவி, "கல்யாண வீட்டுக்கு வந்துட்டுக் கை நனைக்காம போவியளா அண்ணாச்சி?" என்று இலை போட்டுவிட்டார். மணப்பெண்ணே பப்படம் கொண்டுவந்து வைத்தாளாம். அண்ணன் சாப்பிட்டுவிட்டார். பிறகு அந்த மனிதர் கொல்லையில் வைத்துக் காலில் விழுந்தார்.

"தாலி கெட்டி முடிஞ்சதும் நானே கோர்ட்டுக்கு வாறேன் அண்ணாச்சி."

அண்ணன் தனியே திரும்பினார். அவர் வரவில்லை. வயல் ஏலத்தில் போயிற்று. என் வரனும் போயிற்று.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அண்ணன் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கினார். காசம் கண்டு படுத்தபோது ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"அந்த ஆள இழுத்துட்டு வந்திருக்கலாம்லா அண்ணே?"

"அந்தப் பிள்ள கழுத்துல தாலி ஏறட்டும்னுதாம்ட்டி பாத்தேன். உனக்கு ஏறாமப் போவும்னு நெனைக்கலையே" என்று தேம்பினார். அதற்குப்பின் நாங்கள் அதைப் பேசவில்லை.

மருந்து கொடுத்த வைத்தியருக்கும், கஞ்சி வைத்துத் தந்த அடுத்த வீட்டு மதினிக்கும், சடங்குகளில் உடன் நின்ற எல்லோருக்கும் எங்கள் நன்றி. பின்னாளில் பிடிபட்டு, தண்டனை முடிந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த மணவாளக்குறிச்சிக்காரரே, உங்களுக்கும் நன்றி. அன்று உங்கள் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் உள்ளே போய்விட்டேன். பேரனுக்கு அண்ணனின் பெயரை வைத்திருக்கிறீர்களாம். ஒருநாள் தூக்கிக்கொண்டு வாருங்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத்தான் எனக்கு வாய் வராது. அண்ணனை நான் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.